ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறாது

"அம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அது புறா இல்லை, கடற்காகம்."

"என்னங்க, அது கடற்காகமாம்."

"புறாதான். உப்புத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு வெளுத்துப் போச்சு," என்றார் அப்பா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மகள் பல்லைக் கடித்தாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். பல்கலைக்கழகத்தில் படிப்பதென்னவோ கடலியல்.

விடுமுறைக்கு வந்த புதிதில், விருந்தாளிகள் நிறைந்த சாப்பாட்டு மேஜையில் அவள் சித்தப்பாவோடு மல்லுக்கு நின்றபோது அப்பா சொன்னார்: "நீ வாயைத் திறக்காம இருந்தா இந்த வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?"

சரி, அந்த நிம்மதியைக் குறைவில்லாமல் கொடுத்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான். அவர் மன்னிப்புக் கேட்கட்டும், பேசலாம். ஆனால் அவரா கேட்பார்? பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டால் கிரீடம் கழன்று விழுந்துவிடுமே.

நாளைக் காலை ரயில். இன்றும் இப்படியே போனால் பேசாமலேதான் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டும். அதில் அவளுக்கும் இஷ்டமில்லை. இருந்தாலும் கொள்கை கொள்கைதான்.

இந்த லட்சணத்தில், "குடும்பமா கடலோரப் பாதையில நடந்துட்டு வரலாம்" என்று கிளப்பியதே அப்பாதான். தெருமுனைக் கடைக்குக்கூட காரை எடுக்கிற மனுஷர்.

மேட்டின் மேல் கலங்கரை விளக்கம் தெரிந்தது.

"அதோ பாரு, எவ்வளவு பெரிய தண்ணித் தொட்டி."

"அம்மா, அது கலங்கரை விளக்கம்னு சொல்லு. உச்சியில விளக்கு இருக்கே, கண்ணு தெரியலையான்னும் கேளு."

"என்னங்க, கண்ணு..."

"தொட்டி மேல விளக்கு வைக்கக் கூடாதா? ராத்திரி தண்ணி எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பாக்கிறதாம்?"

பின்னால் குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்த இளம் தம்பதி நின்றார்கள். "சாருக்கு இந்த இடமெல்லாம் அத்துப்படி போல," என்றான் கணவன் பயபக்தியோடு. அதன்பிறகு அவர்கள் அப்பாவை விட்டு நகரவில்லை.

"சார், அலையில ஏன் நுரை வருது?"

"மீனுங்க பல் தேய்க்கிற நேரம் தம்பி."

கணவன் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டான். படிப்பறிவு இந்த நாட்டில் இப்படித்தான் வளர்கிறது என்று மகள் தனக்குள் கொதித்தாள்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பச்சைக் கம்பம், குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கான சமமான பாதை. வலப்பக்கம் சிவப்புக் கம்பம், பாறைகளுக்கு இறங்குகிற வழி. கடல் ஏறினால் அந்தப் பாறைகள் தண்ணீருக்குள் போய்விடும்.

அம்மா அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்கு மூச்சு வாங்குது. நீங்க போங்க."

அப்பா சிவப்புப் பக்கம் திரும்பினார். தள்ளுவண்டியும் திரும்பியது.

"அந்தப் பக்கம் கடல் ஏறாதா சார்?" என்று கேட்டாள் குழந்தையின் தாய்.

"ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறாதும்மா."

"சொல்லும்மா அவர்கிட்ட," என்றாள் மகள்.

அம்மா ஷூ கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள். காதே கேட்கவில்லை. வண்டியின் முன்சக்கரம் சிவப்புக் கம்பத்தைத் தாண்டியது.

"அப்பா, நில்லுங்க."

எல்லோரும் நின்றார்கள்.

"கடலுக்கு யாரு லீவு கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமை ஆனா நிலா போர்த்திக்கிட்டுத் தூங்கிடுமா?"

"கடலுக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா. குரல் ஏனோ கொஞ்சம் கம்மியிருந்தது.

"என்ன சம்பந்தமா?"

அவ்வளவுதான். தள்ளுவண்டியைத் தானே பிடுங்கிப் பச்சைப் பாதையில் திருப்பிவிட்டு ஆரம்பித்தாள். நிலா, ஈர்ப்புவிசை, ஏற்றம், இறக்கம். அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்பது சொன்னாள். நுரைக்கு வந்தாள், புறாவுக்குப் போனாள், தொட்டியை இடித்துத் தள்ளினாள். தம்பதி எப்போது கழன்றுகொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

"அன்னைக்கு சித்தப்பாகிட்ட நான் சொன்னதும் சரிதான்."

"சரிதான்," என்றார் அப்பா. வழிநெடுக அந்த ஒன்றைத்தான் அவர் மறுக்கவில்லை.

பாதை ஒரு வட்டமடித்துக் கார் நிறுத்துமிடத்தில் வந்து முடிந்தது. மூச்சு வாங்குகிறது என்ற அம்மா, வந்த வழியே திரும்பி, இவர்களுக்கு முன்பே காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பா பின்கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

மகள் அம்மாவின் காதோரம் சீறினாள். "எப்படிம்மா இவரோட குடும்பம் நடத்துற? போற போக்குல ஒரு மனுஷனால இவ்வளவு தப்பா பேசவே முடியாது."

"முடியாதுதான்," என்றாள் அம்மா. "காலையில பால்கனியில அவரோட ஷூ கழுவிக் காஞ்சுதே, பாத்தியா?"

"பாத்தேன். நடக்கப் போறதுக்கு முன்னாடியே என்ன அலங்காரம்னு நினைச்சேன்."

"நேத்து நீ தோழி வீட்டுக்குப் போயிருந்தப்ப, தனியா வந்து இந்தப் பாதை முழுக்க நடந்துட்டுப் போனார். எந்தெந்த இடத்துல தப்பா பேசினா நீ வாயைத் திறப்பேன்னு பாத்து வைக்க."