சாம்பல் கோடு

சோதனை மேசையில் 'பட்'டென்று வெடித்தது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து இது ஏழாவது.

வெடிப்பதெல்லாம் அவள் செருகிய கெப்பாசிட்டர்தான். சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு உருளை. அதன் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கோடு உள்ள பக்கம் மைனஸ். போர்டில் மாற்றிச் செருகினால், கரண்ட் கொடுத்ததும் வெடித்துவிடும்.

ஒன்பது வருஷமாக இதே வேலை. அவளுக்குத் தெரியாததா?

முன்பெல்லாம் கோட்டைத் தேடியதே இல்லை. நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். விரலே தடவிச் சொல்லிவிடும். ஆடி மாதம் கம்பெனிக்குக் கால் வெட்டும் மெஷின் வந்தது. இரண்டு காலும் ஒரே நீளமாகிவிட்டன.

போகட்டும். தலைக்கு மேலே டியூப்லைட் இருக்கிறது. தூக்கிப் பிடித்தால் கோடு பளிச்சென்று தெரிகிறது. நான்கு மாதமாக அப்படித்தான் செருகுகிறாள். ஒரு போர்டுகூடத் திரும்பி வந்ததில்லை.

சித்திரையில் நடந்த கண் சோதனையில், முன்னால் நின்றவள் படித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்திருந்தாள். தேறாத மூன்று பேரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தது நாமோ என்று பயம் வரும்போதெல்லாம், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

இன்றைக்கு மட்டும் என்ன கேடு?

பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருத்தி. கை பறக்கிறது. நேற்றுவரை அங்கே பிலோமினா இருந்தாள். அவள் கெப்பாசிட்டர் செருகிய போர்டை வாங்கி, காயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்றை வைத்துத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் பிலோமினாவுக்கு வேலை. அதற்கே அத்தனை நேரம். போர்டு குவியும். திட்டு எல்லாருக்கும் விழும். பொறுத்துப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் தணிகாசலத்திடம் போய்ச் சொன்னது அவள்தான்.

நேற்று சாயங்காலம் பிலோமினாவை நிறுத்திவிட்டார்கள்.

பிலோமினா சண்டைக்கு வரவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் அருகில் வந்து நின்றாள்.

"அக்கா, இனிமே லைட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்குங்க. அப்பதான் கோடு சரியாத் தெரியும்."

யாருக்கு யார் சொல்லித்தருவது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டாவது வெடித்தது. கருகிய நெடி இங்கே வரைக்கும் வந்தது. தணிகாசலம் சோதனை மேசையிலிருந்து அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

ஒரு கெப்பாசிட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு தெரிந்தது.

விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினாள்.

உருளை சுழன்றது. கோடு நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

உருளையின் மேல் பட்ட டியூப்லைட்டின் மினுக்கம்.

நான்கு மாதமும் ஒரு போர்டுகூட ஏன் திரும்பி வரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு காயிலை வைக்க பிலோமினாவுக்கு ஏன் அத்தனை நேரம் பிடித்தது என்பதும்.



நாற்காலியைத் திருப்பிப் போட்டு, லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கெப்பாசிட்டரைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள். உருட்டினாள். இன்னொரு தரம் உருட்டினாள்.

முழுக்கக் கறுப்பாக இருந்தது.