முத்துக்கு ஒரு கழுத்து

முத்து வியாபாரி முகம்மது ஹனீப் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

மாலை அவர் கையில் இருந்தது. மூன்று சரம், பஸ்ரா முத்து. ஏதோ ஒரு சமஸ்தானத்து ராணி போட்டிருந்து, ராஜ்ஜியம் போன பிறகு விலைக்கு வந்தது. அதை விற்றால் மாட்டுங்காவில் மாடிக் கட்டடம் இரண்டு வாங்கலாம் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

"பெட்டியில் கிடந்த முத்து இப்படி இருக்காது. தினமும் உடம்புச் சூடு பட்டிருக்கிறது. யார் போட்டிருந்தது?" என்று இந்தியில் கேட்டார்.

தங்கமயில், சுவரோரமாக நின்ற பேராச்சியைக் கை காட்டினாள்.

மனுஷ உடம்பு படாத முத்து செத்துப்போகும் என்பார்கள். தங்கமயிலுக்கு அவள் கணவர் வாங்கிக் கொடுத்த மாலை அது. அவள் அதை ஒரே ஒரு தீபாவளிக்குத்தான் போட்டாள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. அதற்குப் பிறகு அவள் முத்து போடுவதாவது! அதனால்தான் ஒரு கட்டுக்கழுத்தியைத் தேடினார்கள். புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும், வாய் அடக்கமாக இருக்க வேண்டும். தாராவியிலிருந்து பேராச்சி வந்தாள்.

தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. மாலையைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். வேர்க்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

கதவைச் சாத்திவிட்டுத் தங்கமயில் எதிரே உட்காருவாள். முதல் நாள் இருவரும் பேசவே இல்லை. இரண்டாம் நாள் தங்கமயில்தான் கேட்டாள், "ஒங்க வீட்டுக்காரரு எங்க வேல பாக்காரு?"

"கோதியில, மூட்ட தூக்குதாவம்மா."

துறைமுகத்தை அங்கே எல்லாரும் கோதி என்றுதான் சொல்வார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் ரயிலில் சயானில் இறங்காமல் தூங்கிப்போய்த் தாணே வரை போய்விட்டுத் திரும்பியது, கப்பல்காரன் கொடுத்த டப்பாவை மீன் என்று திறந்து பார்த்தால் ஜாம் இருந்தது, குழம்பில் உப்புக் கூடினால் ஒன்றும் சொல்லாமல் இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பது. பேராச்சி சொல்லச் சொல்ல, தங்கமயில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் வேறு யாரும் அவளோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

இப்படி இரண்டு வருஷம்.

இப்போது தங்கமயிலின் மகன் செம்பூரில் தொழிற்சாலை போட இடம் பார்த்துவிட்டான். மாலை விலைக்குப் போகிறது.

ஹனீப் மாலையை வெல்வெட் பெட்டியில் வைத்து மூடினார். எழுந்தவர் பேராச்சியின் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நல்ல கழுத்து அம்மா உனக்கு. உன் புருஷன் நூறு வயது இருக்கட்டும்."

மகன் அவரைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வெளியே ஜூன் மாத மழை பிடித்துக்கொண்டது. மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. இருவரும் பழக்கத்தில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பேராச்சியின் கை வெறும் கழுத்துக்குப் போனது. ரவிக்கைக்குள் கிடந்த மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்தாள். அதில் தாலி இல்லை.

"அம்மா, இது நானே கடையில வாங்கிப் போட்டது."

தங்கமயில் அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.

"அவுக போயி மூணு வருசமாச்சு. கோதியில மூட்ட சரிஞ்சு விழுந்து, அங்கனயே. ஒங்ககிட்ட பொய் சொல்லித்தாம்மா சேந்தேன். அந்தப் பெரியவரு வாய் நெறைய வாழ்த்திட்டுப் போறாரு, எனக்குத் தாங்கல."

முதல் நாலைந்து மாதம் அவள் சொன்னதெல்லாம் நடந்தவைதான். அவை தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு தினமும் தாராவியிலிருந்து நடந்து வருகிற வழியில், அன்றைக்கு அவன் என்ன செய்தான் என்று அவளே உண்டாக்கிக்கொண்டு வந்தாள். சில நாள் சண்டைகூடப் போட்டாள். சண்டை போட்ட நாளில் வீடு திரும்பும்போது அவளுக்கு நிஜமாகவே கோபமாக இருந்தது.

"தெரியும்" என்றாள் தங்கமயில்.

பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வந்த மூணாம் நாளே தெரியும். பால்கனியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். தெருமுனைக் கொழாயில நின்னு பொட்ட அழிச்சிட்டுத்தான் நீ அந்தப் பக்கம் போன."

"தெரிஞ்சுமா முத்தப் போட்டுவிட்டிய?"

"முத்தா எங்கிட்ட பேசுச்சு?"

மழை சன்னலில் அடித்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

தங்கமயில் கேட்டாள், "இவ்வளவு சொன்னியே, அவரு பேரு மட்டும் சொல்லவே இல்லியே. என்ன பேரு?"

பேராச்சி அவன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கும்போதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே சொன்னாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் பேராச்சி.

உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"பூதத்தான்."

சொன்ன பிறகு இன்னொரு தரமும் சொன்னாள்.

தங்கமயில் எழுந்து போய், கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு... செல்லத்துரை" என்றாள், மெதுவாக.