கூடுதல் கிரீஸ்

ராக்கி மலை இறக்கத்தின் அடியில், முகாம் மைதானத்தில் பிசுபிசுவென்று தூறுகிறது. ஜாக்கியில் நிற்கும் டிரெய்லர் வீட்டின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை உருவுகிறார் டெல்மர். உள்ளே பிரேக் கட்டைகள் கிரீஸில் ஊறிக் கிடக்கின்றன. வருஷா வருஷம், வண்டிக்கு நல்லதென்று அவரே கிரீஸ் கன்னால் அளவுமீறி அடித்தது. அச்சிலிருந்த ரப்பர் சீலை (அடைப்பு வளையத்தை) பிதுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"நேத்து இறக்கத்துல பிரேக் பிடிக்கலன்னு கத்தினேன். என்னைத் தொடைநடுங்கின்னு சொன்னே," என்கிறாள் மனைவி நோரீன். அவள் காலடியில் துணிப்பெட்டி நனைகிறது.

"டிஸ்க் பிரேக் வாங்கிட்டேன், நோரீன். நாளைக்கு மாட்டிடறேன். இனிமே தொட்டா நிக்கும்."

அவள் சாலையையே பார்க்கிறாள். டெல்மர் விரல்களைத் துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவுகிறது. அவள் கூப்பிட்டிருந்த மகளின் கார் வந்து, சத்தமே இல்லாமல் நிற்கிறது.