டயர் பார்த்துக்கொண்டிருந்த நேரம்

மூன்று டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்காரர் நாகூர் மீரான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த மொதலாவது மழைக்குங்ணா. மெத்துனு இருக்கும், ரோட்டை விடாது. ஆனா முப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்ல தேஞ்சுபோயிரும். நடுவுல இருக்கறது கல்லாட்டம், அறுவதாயிரம் ஓடும். மூணாவது வெல கம்மிங்கறதுக்குத்தானுங்க, சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

பன்னிரண்டு மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். என் மனைவி ஜெபராணியின் பயாப்ஸி ரிப்போர்ட் அன்றைக்கு வருகிறது. துடியலூரிலிருந்து வரும் வழியில், மேட்டுப்பாளையம் சாலையில், நான்தான் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினேன்.

பழைய டயர்கள் இன்னும் மூன்று மாதம் தாங்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கூடவே இறங்கி வந்தாள்.

முப்பத்தோரு வருடம் பம்பு கம்பெனியில் தரம் சோதித்தவன் நான். டயரின் பள்ளங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி ஆழம் பார்த்தேன். நகத்தால் ரப்பரைக் கீறினேன். பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து, எந்த வருடம், எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று பார்த்தேன். மூன்று டயருக்கும் இதைச் செய்தேன். பிறகு முதலிலிருந்து மறுபடி செய்தேன்.

மீரானுக்குச் சிரிப்பு. "ஏனுங்கக்கா, பொண்ணு பாக்க வந்தப்பவும் பிரகாசம் அண்ணன் இப்படித்தான் பாத்தாருங்களா?"

"நகத்துல கீறிப் பாக்கல தம்பி. அது ஒண்ணுதான் பாக்கி."

ஜெபராணி பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். லாரி இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அதிகம் பேசவில்லை.

திரும்பி வந்தவளிடம் யாரென்று கேட்டேன்.

"சர்ச்சுலருந்துங்க. ஞாயித்துக்கெழமை பூ யாரு வெக்கறதுன்னு."

மணி பதினொன்றேகால்.

"கெளம்பலாமா?" என்றேன், டயரிலிருந்து கையை எடுக்காமல்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. நல்லாப் பாத்தே வாங்குங்க."

கேட்க இதமாக இருந்தது. மேலும் அரை மணி நேரம் பார்த்தேன்.

நடுவில் இருந்ததைக் காட்டி, நாலு போடச் சொன்னேன். எங்கள் வண்டி வருடத்துக்குப் பத்தாயிரம் ஓடும். அறுபதாயிரம் என்றால் ஆறு வருடம். ஆறு வருடத்துக்கு டயர் வாங்கிப் போட்டவன் வீட்டில் ஆறு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. சர்ச்சில்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

மீரான் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவள் எழுந்தாள்.

"அது வேண்டாங்க தம்பி. மழையில புடிக்கறதையே போட்டுருங்க."

"சீக்கிரம் தேஞ்சுபோகும் ராணி."

"தேஞ்சாத் தேயட்டும். பிரேக்கு போடறதுல நீங்க எப்பவும் லேட்டுங்க."

அதில் பொய்யில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து என் இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். முன்னால் டவுன் பஸ் நின்றால், எனக்கு முந்தி அவள் வலது கால் தரையில் கிடக்கும் ரப்பர் விரிப்பை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது. 'நீ அமுக்கினா வண்டி நிக்குமா?' என்று கேட்பேன். 'நின்னுச்சில்லீங்க?' என்பாள்.

அவள் சொன்ன டயரையே போட்டார்கள்.

டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. அவர் பக்குவமாகத்தான் சொன்னார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஜெபராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள்.

அவள் போய் ஒரு மாதம் கழித்து வீட்டில் நடந்த நினைவு ஜெபத்துக்கு, அந்த டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் ரெபேக்கா வந்திருந்தார். எல்லோரும் போன பிறகும் காபி டம்ளரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அன்னைக்கு ரிப்போர்ட் வந்ததும் நான்தானுங்க சார் அக்காவுக்குப் போன் பண்ணுனேன். எடுத்ததுமே, 'நல்லதில்லைதானுங்களே?'ன்னு கேட்டாங்க. எனக்கு மறைக்கத் தெரியலீங்க. உடனே கெளம்பி வாங்கன்னேன். 'அவரு டயர் பாத்துட்டு இருக்காருங்க. பாத்து முடிக்கட்டும்'னாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. காந்திபுரத்தில் நேற்று ஒரு பஸ் சட்டென்று நின்றது. நான் வழக்கம்போல் லேட்தான். டயர்கள் ரோட்டை விடவில்லை.

மீரான் சொன்னபடியே அவை சீக்கிரம் தேய்ந்துகொண்டு வருகின்றன.

இடப்பக்கத்து ரப்பர் விரிப்பில், அவள் பிரேக் போட்ட இடம் கோடுகள் அழிந்து வழவழவென்று அப்படியே இருக்கிறது.