தமயந்தியின் அரை மணி நேரம்

தமயந்தியின் இடது மார்புக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கத் தினமும் வீட்டுக்கே வந்தது ரோபோ. ஒரே நிபந்தனை: அந்த அரை மணி நேரம் படுக்கையறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவை அதுவே பூட்டிவிடும்.

"தமா, என் வெள்ளைச் சட்டை எங்கே?" வெளியே கணவன் ரகோத்தமன்.

"கதிர் ஓடுது சார், தள்ளி நில்லுங்க. மேடம் பேசக் கூடாது," என்றது ரோபோ.

காபி கேட்டு வந்த மாமனாரும் திரும்பிப் போனார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் தமயந்தி பதில் சொல்லாமல் படுத்திருந்தது இப்போதுதான்.

பதினைந்தாம் நாள் ரோபோ கையை மடக்கிக்கொண்டது. "சிகிச்சை முடிஞ்சுது மேடம். ரிப்போர்ட் சுத்தம். நாளைலேருந்து வரமாட்டேன்."

தமயந்தியின் முகம் வாடியது.

"சந்தோஷம் இல்லையா?"

"இருக்கு. நாளைக்கும் வாயேன்."

"இனிமே கதிர் தேவையில்லை மேடம்."

"கதிர் வேண்டாம்ப்பா. கதவை மட்டும் பூட்டு."