எட்டால வகுக்கணும், மேடம்

“நூறுன்னு சொல்லித்தானே கனெக்‌ஷன் குடுத்தீங்க? பன்னிரண்டுதான் வருது” என்றாள் அவள், கதவைத் திறந்த கையோடு.

டெக்னீஷியன் பெருமூச்சை அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினான். புது இணைய இணைப்புக் கொடுத்த நாளிலிருந்து இதே வீடு, இதே புகார். அந்த ஏரியா அவன் பொறுப்பு என்பதால் ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்தாக வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த ரௌட்டரில் பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. தன் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதித்தான். திரையில் முள் விறுவிறுவென்று ஏறி நூறில் போய் நின்றது.

“பாருங்க மேடம், நூறு.”

“உங்க லேப்டாப்புக்கு நூறு. என்னோடதுல ஃபைல் இறங்கும்போது பன்னிரண்டுதானே காட்டுது?”

நூறு ஏன் பன்னிரண்டாகத் தெரிகிறது என்று முதல் தடவை விரல்களை மடக்கி விளக்கியிருந்தான். அடுத்த தடவை எட்டுத் துண்டாக வெட்டிய கேக்கை உதாரணம் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அழகாகத் தலையாட்டுவாள், ‘இப்ப புரியுது’ என்பாள், அடுத்த வாரமே மறுபடி புகார் கொடுப்பாள். ஆபீஸில் அவளுக்குப் ‘பன்னிரண்டு மேடம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மற்றபடி புத்திசாலிப் பெண்ணாகத்தான் தெரிந்தாள். கணக்குதான் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கு எதை உதாரணம் சொல்வது என்று பைக்கில் வரும்போதே அவன் யோசித்து வைத்திருந்தான். எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

“ஒரு பேப்பர் குடுங்க மேடம்.”

அவள் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் சிவப்புப் பேனாவும் எடுத்து நீட்டினாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கம்பெனி சொல்றது மெகாபிட். அதுக்குச் சின்ன பி. உங்க கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட். அதுக்குப் பெரிய பி. எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட்.”

“ரெண்டும் பி தானே?”

“ரோட்டுல வேன் போகுதுன்னு வைங்க. ஒரு வேனுக்கு எட்டுப் பேர். நாங்க தலையை எண்ணி, ஒரு செகண்டுக்கு நூறு பேர் போறாங்கன்னு சொல்றோம். உங்க கம்ப்யூட்டர் வேனை எண்ணுது. அதனால நூறை எட்டால வகுக்கணும், மேடம். பன்னிரண்டு சொச்சம் வரும். நடுவுல யாரும் எதையும் முழுங்கலை.”

கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், “வேன் உதாரணம் ரொம்ப நல்லா இருக்கு” என்றாள். “அப்போ ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு இறங்கும்?”

அவன் பன்னிரண்டு சொச்சத்தை அறுபதால் பெருக்கத் தொடங்கினான். நடுவில் ஒரு புள்ளி இடம் மாறிப்போய், அடித்துவிட்டு மறுபடி எழுதினான்.

“முக்கால் ஜி.பி.” என்று முணுமுணுத்தவள், அவன் நிமிர்ந்து பார்த்ததும், “இருக்குமோன்னு கேட்டேன்” என்றாள்.

முக்கால்தான் வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னது பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் கப்பைத் தொடாமல் தயங்கினான்.

“மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. ஒரே வீட்டுல இருந்து திரும்பத் திரும்பப் புகார் வந்தா, எனக்கு வேலை தெரியலைன்னுதான் எழுதிக்குவாங்க. சூப்பர்வைசர் நேத்து எல்லார் முன்னாடியும் கத்திட்டார். இன்னொரு புகார் வந்தா இந்த ஏரியாவை விட்டே என்னைத் தூக்கிடுவாங்க.”

அவள் முகம் சுருங்கிப்போனது. “என்னாலயா? எனக்குச் சத்தியமா தெரியாது.”

“நிஜமாவே லைன்ல கோளாறுன்னா தாராளமா கூப்பிடுங்க. அப்ப வேற ஆள் வருவார்.”

“வேற ஆளா?” அவள் சட்டென்று எழுந்துகொண்டாள். “வேண்டாம். இனிமே கூப்பிடலை. லைன் நல்லாத்தான் இருக்கு.”

சொன்னதோடு நிற்காமல் போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து, ‘குறை தீர்ந்தது’ என்ற பொத்தானை அழுத்தினாள். இத்தனை நாள் அவன் கெஞ்சிக் கேட்டும் அழுத்தாத பொத்தான் அது. ஐந்து நட்சத்திரங்களும் கொடுத்தாள்.

வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, “பார்த்துப் போங்க” என்று முடித்துக்கொண்டாள்.

தலையில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும். ஏனோ அவனுக்கு அப்படி இல்லை. மாடிப்படியில் நின்றபடியே சூப்பர்வைசருக்கு, ‘பன்னிரண்டு மேடம் இனி கூப்பிட மாட்டாங்க சார்’ என்று செய்தி அனுப்பினான். அனுப்பிய பிறகும் போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே கேட்டைத் திறந்துகொண்டு, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவளுடைய அம்மா வந்துகொண்டிருந்தாள். இணைப்புக் கொடுத்த அன்றைக்கு அவன் பார்த்ததோடு சரி.

“நெட்டு போட வந்த தம்பிதானே? என்ன இந்தப் பக்கம்? எங்க வீட்டுல நெட்டு ஒரு நாள்கூட நிக்காம வருதே.”

“லைன் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க பொண்ணுக்குத்தான் இந்த பிட், பைட் கணக்குல ஒரு சந்தேகம். வந்து வந்து சொல்லிக் குடுத்தேன். இன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது.”

அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவளுக்கா? காலேஜ்ல அவ நடத்துறதே அந்தப் பாடம்தானே, தம்பி.”