கரிச்சான் வளைத்துப் போட்ட மரங்கள்

ஏரிக்கரையில் செய்தி சொல்லிப் பிழைத்த பறவைகள் இரண்டு. ஆள்காட்டிக் குருவி, பருந்தைக் கண்ணால் பார்த்தால் மட்டுமே கத்தும். உயிர் தப்பிய பறவைகள் ஆளுக்கொரு புழு கொடுக்கும். வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இரை தேட அதற்கு நேரமில்லை. பருந்து வராத நாளில் பட்டினிதான்.

கரிச்சானுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. எவர் வாயிலாவது கொழுத்த புழு தெரிந்தால் போதும், "பருந்து! பருந்து!" என்று அலறும். பயந்த பறவைகள் புழுவைப் போட்டுவிட்டுப் பறக்கும், கரிச்சான் பொறுக்கிக்கொள்ளும். அப்படியே வளர்ந்து, கரையிலிருந்த மரங்களையெல்லாம் வளைத்துப் போட்டு, கிளைக்கொரு மைனாவை வேலைக்கு வைத்து, தன்னைப் போலவே "பருந்து!" என்று அலற வைத்தது.

நாளடைவில் பறவைகளுக்குச் சந்தேகம் தட்டியது. கரிச்சான் ஆள்காட்டியைத் தேடி வந்தது.

"அக்கா, உங்க குரலைத்தான் எல்லாரும் நம்புறாங்க. நான் சொல்றப்போ ஒரு சத்தம் கொடுங்க. விழுறதுல பாதி உங்களுக்கு."

இரண்டு நாளாக ஒன்றும் தின்னாத ஆள்காட்டி, "போடா அந்தப் பக்கம்" என்றது.

கரிச்சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லா மரமும் என்னுது. இனிமே எந்தக் கிளையில உட்கார்ந்து கத்துறீங்கன்னு பார்க்கிறேன்."

"நான் என்னைக்குடா மரத்துல உட்கார்ந்தேன்? பொறந்ததுலேருந்து எனக்குத் தரைதான்."

சொன்ன சூட்டோடு ஆள்காட்டி மேலே எழும்பி, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தியது: "வர்றது பருந்து இல்ல, கரிச்சான்! வாயில இருக்கிறதை விட்டுடாதீங்க!"

மைனாக்கள் கிளைக்குக் கிளை அலறித் தீர்த்தன. அன்று ஒரு புழுகூடக் கீழே விழவில்லை.